தோள் முறிவும் தகடும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், தாராவியில் வசிக்கும் நண்பர் ஒருவர் நமது ரயில்வே அலுவலகத்திற்கு வந்து, ரேணிகுண்டாவுக்கு இரண்டு டிக்கெட் வேண்டுமென்றார். மேல்வீட்டுக்கு ஏறும் இரும்பு ஏணியில் அவர் தாயார் கால் வழுக்கி விழுந்து, வலத்தோளுக்குச் சற்றுக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. வயது 68. தகடு வைத்தே தீரவேண்டுமென்றார் ஒரு தனியார் மருத்துவர். கடன் வாங்கினாலன்றி அது ஆகாது. அம்மையாரோ புத்தூர்க் கட்டுக்கே போவேனென்று பிடிவாதம். முறிந்த கையுடன் ஏறத்தாழ ஒரு நாள் ரயில் பயணமென்பதை நினைக்கவே நமக்கு அச்சமாயிருந்தது. முதலில் சயான் மருத்துவமனையில் காட்டுவோமென்று சொல்லி, நாமும் உடன் சென்றோம்.

அங்குக் கேட்டதையும் பின்னர்ப் படித்ததையும் இங்கே தருகிறோம்.

தகடென்பது, எலும்பின் மேல் படியவைத்துத் திருகாணிகளால் முடுக்கும் உலோகப் பட்டை. பழைய தகடுகளில், முதியோரின் மெலிந்த எலும்பில் திருகாணி பிடிப்பற்றுக் கழன்றுவிடும். இக்காலத் தகட்டில் திருகாணியின் தலையிலும் புரியுண்டு. அது தகட்டோடு பூட்டிக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். எனினும் சிலருக்கு எலும்பின் உருண்டைத் தலை இரத்த ஓட்டம் குன்றி நலிந்து அமிழ, திருகாணி முனை மூட்டுக்குள் துருத்திக்கொள்கிறது. மறுபடியும் கத்திதான்.

பிரிட்டனில் 32 மருத்துவமனைகளில், இவ்விடத்து எலும்பு முறிந்து விலகிய 250 பேரைப் பிரித்து, ஒரு சாராருக்குத் தகடு முதலிய அறுவையும், மற்றவர்க்குக் கழுத்திலிருந்து கையைத் தாங்கும் துணிக்கட்டும் அளித்துப் பார்த்தனர். 2015-இல் வெளியான முடிவின்படி, இரண்டாண்டுக்குப் பின் இரு சாராரின் கைகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இயங்கின. அவர்களின் சராசரி வயது 66.

இதைக் கொண்டு அறுவையே வேண்டாமென்று எவரும் எண்ணற்க. மூட்டு நழுவினாலும், எலும்புத் தலை பிளந்தாலும், எலும்பு தோலைக் கிழித்தாலும் நிலைமை வேறு. விரல்கள் வெளுத்துச் சில்லிட்டால் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது.

புத்தூர்க் கட்டால் குணமானோர் நம்மவரில் பலருண்டு, அதனை இகழோம். ஆனால் தோள்மூட்டை வாரக்கணக்கில் அசையாது கட்டிவைத்தால் அது இறுகிவிடும்.

அம்மையாருக்குத் துணிக்கட்டே போதுமென்றார்கள். பல இரவுகள் சாய்ந்து அமர்ந்தே உறங்கினார். மூன்றாம் வாரத்தில், குனிந்து கையைத் தொங்கவிட்டு வட்டமாகச் சுழற்றும் பயிற்சி தொடங்கிற்று. “மாவாட்டுவதுதானே!” என்றவர், வலி பொறாமல் ஒரு வாரம் அதைக் கைவிட்டார். அந்த இறுக்கம் தளர ஒரு மாதம் ஆயிற்று. இப்போது தாமே கொண்டை முடிந்துகொள்கிறார். மேல்தட்டு டப்பாதான் எட்டவில்லை. மகன், ஏணியோரம் பிடித்து ஏறக் கனத்த கயிறு ஒன்று கட்டியிருக்கிறார்.