சித்தன்னவாசல் கல்லும் ஓரியூர் மணலும்

மதத்தைப் பற்றி நாம் எது சொன்னாலும் உடனே ஒரு கேள்வி வருகின்றது. "பூசாரியையும் புரோகிதனையும் நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் சுகத்தை எல்லாம் விட்டு, தாய் தகப்பனை விட்டு, கண்காணாத தேசத்திற்கு ஊழியத்திற்கென்று வந்து செத்தானே ஒருவன், அவனை என்ன சொல்லுகின்றீர்கள்?" என்பதுதான் அந்தக் கேள்வி. இது நியாயமான கேள்விதான். சமீபத்தில் சித்தன்னவாசல் மலைமேல் வைத்து ஒரு கிறிஸ்தவ வாலிபர் இதையே நம்மிடம் கேட்டார். அவர் இந்தப் புதுக்கோட்டைச் சீமையின் ஒரு கிராமத்தார். வயது இருபத்தைந்துக்குள்தான் இருக்கும். ஆப்பிரிக்காவில் ஓர் ஊருக்கு ஊழியத்திற்காகப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர். மலைமேல் அவருக்கு அரையும் குறையுமாகச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகின்றோம்.

சித்தன்னவாசல் புதுக்கோட்டைக்கு வடமேற்கே சுமார் 16 கிலோமீட்டரில் இருக்கின்றது. அங்கே போகின்றவர்கள் பெரும்பாலும் கீழேயுள்ள குடைவரைக் கோவிலின் தாமரைத் தடாகச் சித்திரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மலைமேல் ஏறி, பாறையில் வெட்டியிருக்கும் ஏழு குழிகளில் காலை வைத்து வைத்துப் போனால் ஏழடிப்பட்டம் என்கிற குகை வரும். அதற்குள்ளே சமண முனிவர்கள் படுத்த 17 கல் படுக்கைகள் இருக்கின்றன. வழுவழுப்பாகத் தேய்த்து, தலைமாட்டில் தலையணை மாதிரி கல்லையே மேடாக விட்டிருக்கின்றார்கள். மே மாதத்து வெயிலில் அந்தக் குகைக்குள் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அதில் ஆயுளைக் கழிப்பது என்றால் என்னவென்று விளங்கும்.

அந்தப் படுக்கைகளில் பெரியதில் பழைய தமிழ் எழுத்தில் ஒரு வாசகம் வெட்டப்பட்டிருக்கின்றது. சுமார் 2000 வருஷத்திற்கு முந்தியது என்பது கல்வெட்டுப் படித்தவர்கள் கணக்கு. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காகச் சிறுபொசில் ஊர் இளையர் இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார்கள் என்பது அதன் சாரம். எருமிநாடு என்பது இன்றைய மைசூர்ப் பக்கம் என்று சொல்லுகின்றார்கள். ஆகவே இந்த மலையின் மிகப் பழைய எழுத்தே, மதத்திற்காகத் தன் நாட்டை விட்டு வேற்று நாட்டிற்கு வந்து கல்லில் படுத்த ஒரு மனிதரைப் பற்றியதாக இருக்கின்றது. அதில் அவர் நாடு இருக்கின்றது, ஊர் இருக்கின்றது, செய்து கொடுத்தவர்களின் ஊரும் இருக்கின்றது. இன்ன வருணத்தான் என்கிற பேச்சு இல்லை. இதை வாசகர்கள் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

அந்தக் கல்லைத் தடவிப் பார்த்த வாலிபர், "எங்கள் அருளானந்தரும் இப்படித்தானே ஐயா தரையில் படுத்தார்?" என்றார். பேச்சு அங்கிருந்துதான் கிளம்பிற்று.

அருளானந்தர் என்பவர் ஜான் டி பிரிட்டோ என்கிற போர்த்துக்கேசியர். 1647இல் லிஸ்பனில் பெரிய குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் அரண்மனையில் இளவரசர் பேதுருவுக்குத் துணைப் பையனாக இருந்தவர். 15 வயதில் இயேசு சபையில் சேர்ந்தார். 26 வயதில், 1673ஆம் வருஷம் மார்ச்சில், கப்பலேறி ஆறு மாதம் கடலில் கிடந்து கோவாவுக்கு வந்தார். மறு வருஷம் தமிழ்நாட்டிற்குள் நுழைந்தார். அரண்மனையில் வளர்ந்த பிள்ளை காவித் துணி கட்டிக்கொண்டு பண்டாரசாமி ஆனார். மாமிசம், மீன், மது எல்லாவற்றையும் விட்டார். கொஞ்சம் சோறும் கீரை காய்கறியுமே ஆகாரம், படுக்கை தரை. தமிழைக் கற்று, தமிழிலே பிரசங்கித்து, ஊர் ஊராக நடந்தார். 1686இல் மறவர் சீமையில் பிடிபட்டுக் கட்டி வைத்து அடிக்கப்பட்டார். சாகும் தறுவாயில் இருந்தவரை, இனி இங்கே உபதேசிக்கக் கூடாது என்று சொல்லிச் சேதுபதி விடுவித்தார். பிறகு சபைக் காரியமாக லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே பழைய தோழரான இளவரசர் இப்பொழுது ராஜாவாக இருந்தார். அவர் இங்கேயே இரும் என்று எவ்வளவோ சொல்லியும் பிரிட்டோ கேட்கவில்லை. அரண்மனையிலும் தமிழ்நாட்டுப் பண்டாரச் சாப்பாட்டையே சாப்பிட்டார் என்று சொல்லுவார்கள். 1690இல் திரும்பவும் வந்து சேர்ந்தார். 1693ஆம் வருஷம் பிப்ரவரி 4ந் தேதி ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. அதற்கு முந்தின நாள், மையில்லாமல் கரியைத் தண்ணீரில் குழைத்துத் துரும்பால் தொட்டு, தன்னோடு ஊழியம் செய்தவர்களுக்குக் கடிதம் எழுதினார் என்பது சரித்திரம். 1947இல் ரோமாபுரி அவருக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டம் கொடுத்தது.

இந்த மனிதரின் நெஞ்சுரத்தை நாம் குறைத்துச் சொல்லப் போவதில்லை. தன் கொள்கையை உண்மையாகவே நம்பினார், நம்பினபடி நடந்தார், நடந்ததற்கான விலையையும் கொடுத்தார். ஒரு கையில் தேங்காய் மூடியும் மறு கையில் தட்சணையுமாக மோட்சத்திற்கு வழி காட்டுகின்றவர்களை அவர் பக்கத்தில் நிற்க வைக்கவும் நமக்கு மனமில்லை.

ஆனால் கஷ்டப்பட்டதனாலேயே கொள்கை உண்மையாகிவிடுமா? இதைத்தான் அந்த வாலிபரிடம் கேட்டோம். அவர் கை வைத்திருந்த கல்லில் படுத்த சமணர், உலகத்தைப் படைத்த கடவுள் என்று ஒருவர் இல்லவே இல்லை என்கிற மதத்தார். பிரிட்டோவோ அந்தக் கடவுளுக்காகவே தலை கொடுத்தவர். இருவரும் நாடு விட்டார்கள், ருசி விட்டார்கள், மெத்தை விட்டார்கள். பட்ட கஷ்டமே சாட்சி என்றால் கடவுள் இருக்கின்றார் என்பதும் இல்லை என்பதும் ஒரே சமயத்தில் உண்மையாக வேண்டுமே! அந்தச் சாட்சி இவர் மனம் மெய்யானது என்பதைக் காட்டும். இவர் சொன்னது மெய் என்பதைக் காட்டாது. வாலிபர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

ஓரியூர் மணலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே மண் சிவந்திருப்பது அவர் சிந்திய இரத்தத்தினால் என்று இன்றைக்கும் அதை முடிந்து கொண்டு போகின்றவர்கள் உண்டு. பிள்ளை வேண்டுமென்று போகின்ற பெண்களும் உண்டு. அவர்களில் இந்துக்கள் என்று சொல்லிக்கொள்ளுகின்றவர்களே அநேகர். மணல் சிவப்பதற்கு அதன்மேல் படிந்த இரும்புத் துருவே போதும். இரத்தம்தான் காரணம் என்றால், திருச்செந்தூர் முதல் சாத்தான்குளம் வரை காடு காடாகக் கிடக்கும் தேரி மணலைச் சிவக்க வைக்க எத்தனை லட்சம் பாதிரிமார் வெட்டுப்பட்டிருக்க வேண்டும்?

அவர் சாவதற்கு உடனடிக் காரணமாக இருந்த சங்கதியையும் பக்தி நூல்கள் வேகமாகத் தாண்டிப் போய்விடுகின்றன. தடியத் தேவன் என்கிற மறவர் பிரபு கிறிஸ்தவனானான். பல மனைவிகளில் ஒருத்தியை மாத்திரம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். வைத்துக்கொண்டான், மற்றவர்களை விலக்கினான். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப் பெண். அவள் அழுதுகொண்டு போய்ச் சொல்ல, பிரிட்டோ பிடிபட்டார். ஒருவனுக்குப் பல மனைவி என்பதை நாம் ஒருநாளும் ஆதரிக்கமாட்டோம். ஆனால் கட்டின போதும் அந்தப் பெண்களைக் கேட்கவில்லை, விலக்கின போதும் கேட்கவில்லை. கட்டியவன் மோட்சத்திற்குப் போனான், உபதேசித்தவர் அர்ச்சியசிஷ்டரானார், புகார் சொன்னவள் பாதகி என்று பெயரெடுத்தாள். அவள் பக்கம் பேச அன்றைக்கு ஒரு மதமும் இல்லை.

நிற்க. நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு.

பிரிட்டோ ஏன் மாமிசம் விட்டார்? கிறிஸ்து சாப்பிடாதே என்று சொன்னாரா? லிஸ்பனில் பாதிரிமார் தின்னாமலா இருந்தார்கள்? அதற்குக் காரணம் அவர்கள் வேதத்தில் இல்லை. நம் தெருவில் இருக்கின்றது. மாட்டிறைச்சி தின்று, சாராயம் குடித்து, தாழ்த்தப்பட்டவர்களோடு சேர்ந்து உட்காருகின்றவன் பறங்கி. அவன் மதம் பறங்கி மதம். அதில் மேல்ஜாதியான் சேரமாட்டான் என்பது அப்பொழுது இங்கிருந்த ஏற்பாடு. இதைக் கண்ட ராபர்ட் டி நொபிலி 1606இல் மதுரைக்கு வந்து, நான் பறங்கியல்ல என்று சொல்லிச் சந்நியாசி வேஷம் பூண்டார்; பூணூல் போட்டார்; பார்ப்பனச் சமையல் வைத்துக்கொண்டார். பரவர்களுக்காக ஏற்கெனவே அங்கே இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்கிற பாதிரியை விட்டுத் தனி வீடு, தனிக் கோவில். இருவருக்கும் வேதம் ஒன்று, சபை ஒன்று. பந்தி மாத்திரம் இரண்டு! 1623இல் ரோமாபுரிப் போப்பும் பூணூலுக்கும் குடுமிக்கும் அனுமதி கொடுத்தார். பார்ப்பனச் சந்நியாசியாக இருக்கின்றவர் மற்றவர்களிடம் போகமுடியாது என்பதனால், 1640 முதல் பண்டாரசாமி என்று இரண்டாவது தரம் ஏற்பட்டது. பாதிரியிலும் வருணாசிரமம்!

பிரிட்டோ இந்த இரண்டாவது தரத்தில் சேர்ந்து எளிய ஜனங்களிடம் போனவர் என்பதை மறக்காமல் சொல்லவேண்டும். குற்றம் அவர் ஒருவருடையதும் அல்ல. ஆனால் அவர் செத்துப் பதினோரு வருஷத்திற்குப் பின், 1704இல், போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் என்பவர் போட்ட கட்டளைகளில் ஒன்று என்ன தெரியுமா? நோயாளியாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் பாதிரிமார் போய்த்தான் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்க வேண்டும் என்பது. அப்படியொரு கட்டளை போட வேண்டியிருந்தது என்றால், அதுவரை நடந்தது என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கட்டளையின்மேல் 40 வருஷம் வழக்காடினார்கள். 1744இல் போப் திரும்பவும் கண்டிப்பாக உத்தரவிட்ட பிறகு என்ன ஏற்பாடு செய்தார்கள்? சேரிக்கென்றே தனிப் பாதிரிமாரை நியமித்துக்கொண்டார்கள்.

ஆறு மாதம் கடலைத் தாண்டினார்கள், மொழியைத் தாண்டினார்கள், வெயிலையும் பேதியையும் தாண்டினார்கள், சேரிக் குடிசையின் முழ உயர வாசலைத் தாண்ட 100 வருஷம் போதவில்லை! வடக்கன்குளத்தில் 1872இல் எழும்பிய கோவிலை இரண்டு கையாகக் கட்டி, ஒரு பக்கம் வெள்ளாளர், ஒரு பக்கம் நாடார் முதலானவர்கள் என்று நடுவே சுவர் வைத்தார்கள். 1910இல் கௌசானல் பாதிரியார் அந்தத் தடுப்பை எடுக்க, வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் வழக்குப் போட்டுச் சென்னை ஹைக்கோர்ட்டு வரை போய் 1917இல் தோற்றார்கள். இதே புதுக்கோட்டைச் சீமையில் ஆவூர் இயேசு சபையாரின் பழைய ஊழியத் தலம். அந்தச் சபையார் எழுதிவைத்த தமிழ் அகராதியையும் இலக்கணத்தையும் நாம் கும்பிட்டு எடுத்துக்கொள்ளுவோம். ஜாதிக்கு அவர்கள் கொடுத்த இடத்தை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

இதில் பாதிரியை மாத்திரம் ஏசிவிட்டுப் போவது நமக்கு யோக்கியதையல்ல. விருந்தாளியாக வந்தவனிடம் வாசலிலேயே, நீ இன்னாரைத் தொடாதே, இன்னதைத் தின்னாதே, அப்பொழுதுதான் உன் சாமியைக் காது கொடுத்துக் கேட்போம் என்று நிபந்தனை போட்டவர்கள் யார்? நம் பாட்டன்மார்தானே! சாமியை மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தார்கள்; ஜாதியை மாற்றிக்கொள்ளத் தயாராக இல்லை. அப்படியானால் அவர்களுடைய மெய்யான மதம் எது?

பழைய கதை என்று சொல்லிவிடவும் முடியவில்லை. சித்தன்னவாசலிருக்கும் அன்னவாசல் வட்டாரத்தைச் சேர்ந்ததுதான் வேங்கைவயல். 2022ஆம் வருஷம் டிசம்பரில் அங்கே ஆதிதிராவிடர் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. செய்தது யார் என்கிற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். அதை விசாரிக்கப் போன அதிகாரிகள், பக்கத்து இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததையும், அங்குள்ள ஐயனார் கோவிலுக்குள் ஆதிதிராவிடர் விடப்படாததையும் கண்டு, ஜில்லாக் கலெக்டரே கூட நின்று அவர்களை உள்ளே அழைத்துப்போக வேண்டியதாயிற்று. கல்லில் வருணம் எழுதாத மலைக்கும் குவளையில் வருணம் எழுதிய கடைக்கும் அதிக தூரமில்லை.

இவ்வளவும் பேசி முடிந்து, குழிக்குக் குழி காலை வைத்து இறங்கும்போது, "அப்படியானால் என்னைப் போக வேண்டாம் என்கின்றீர்களா ஐயா?" என்று வாலிபர் கேட்டார். நாம் அப்படிச் சொல்லவில்லை. அங்கே பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் நடத்தப் போவதாகச் சொல்லுகின்றார். நாலு பேர் எழுத்துப் படித்தால் நமக்கும் சந்தோஷந்தான். அங்கத்திய சாப்பாட்டைச் சாப்பிடப் பழகிக்கொள்ளும், அவர்கள் பாஷையைப் படியும், ஆனால் அங்கே யாரை யார் தொடமாட்டார்கள் என்று தெரிந்தால் அதை மாத்திரம் பழகிக்கொள்ளாதேயும் என்றோம். பிறகு, "உங்கள் ஊரில் கல்லறைத் தோட்டம் ஒன்றா, இரண்டா?" என்று கேட்டோம்.

அவர் பதில் சொல்லக் கொஞ்சம் தயங்கினார். "இரண்டு" என்றார். கீழே வந்து பஸ் ஏறும்போது, தான் புறப்பட இன்னும் ஐந்து வாரம் இருப்பதாகவும், வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்த நடுச்சுவரைப் பற்றிச் சபையார் முன்னிலையில் எழுந்து கேட்கப் போவதாகவும் சொன்னார். அவருடைய தகப்பனாருக்கு இது பிடிக்காது என்பதையும் அவரே சொன்னார்.