ஹவில்தாருக்கு ஒரு நாற்காலி

போர்ட் பிளேரை ஒட்டிய புரோத்ராபூரில் ஒரு சிப்பாய்க்குத் தொடையில் ரத்தக்குழாய் அறுந்தால், அவரைச் சிறிது நேரத்தில் கடற்படை மருத்துவமனையான ஐ.என்.எச்.எஸ். தன்வந்தரியில் சேர்த்துவிடலாம். அதே காயம் கிரேட் நிகோபாரின் காட்டுக்குள் பட்டால்? இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரிலிருந்து அந்தத் தீவின் கேம்ப்பெல் பே 500 கிலோமீட்டருக்கும் மேல். மழைக்காலத்தில் ஹெலிகாப்டர் கிளம்புமா என்பதை வானம்தான் சொல்லும். அறுவை சிகிச்சை நிபுணரின் கை படும்வரை அந்த உயிருக்குப் பொறுப்பு, கூடவே நடந்துபோன நர்சிங் அசிஸ்டன்ட்தான். கோல்டன் ஹவர் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தது இந்தத் தீவுகளில் கோல்டன் நாளாகவும் நீளும்.

இப்படித் தனியாக நின்று உயிர் காப்பவர்களுக்கென ஒரு தொழில்முறைச் சங்கம் நம் நாட்டில் வேண்டும் என்பது இவ்விதழின் கருத்து. தரைப்படையின் பாரா எஸ்.எஃப்., கடற்படையின் மார்க்கோஸ், விமானப்படையின் கருட் என்ற மூன்று சிறப்புப் படைகளிலும் இவர்கள் இருக்கிறார்கள். தரைப்படையில் நர்சிங் அசிஸ்டன்ட், மற்ற இரண்டிலும் மெடிக்கல் அசிஸ்டன்ட். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். 2001இல் முப்படைக்கும் பொதுவான கமாண்டாக அந்தமான் நிகோபார் கமாண்ட் உருவானதால், மூன்று சீருடையும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து பேச நாட்டில் இதைவிடத் தோதான இடமும் இல்லை. ஆனால் சங்கம் என்றதும் தலைவர் யார் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த உரை.

முதலில் சட்டம். அரசியல் சட்டத்தின் 33ஆம் பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, படையினர் தொழிற்சங்கத்திலோ வேறு சங்கத்திலோ சேர்வதைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மத்திய அரசிடம் விடுகிறது. ஆகவே சம்பளம், பதவி உயர்வு, இடமாற்றம் ஆகியவை நம் பேச்சில் வரவே கூடாது. காயம், சிகிச்சை, பயிற்சி, பதிவு இவைதான் வரலாம். உரிய அனுமதியோடு நடக்கும் கல்விச் சபையாக இருந்தால்தான் இது நிலைக்கும். இந்த வரம்பை நான் குறையாக நினைக்கவில்லை. கோரிக்கை மனு எழுதியே தேய்ந்துபோன சங்கங்களை ஊரில் நிறையப் பார்த்திருக்கிறோம்.

அமெரிக்கச் சிறப்புப் படை மெடிக்குகளுக்கு இப்படியொரு சங்கமும் தனி மருத்துவ இதழும் பல்லாண்டுகளாக இருக்கின்றன. அங்கே நடந்த ஒரு காரியம் நமக்கு முக்கியம். 2001 முதல் 2011 வரை ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இறந்த 4,596 அமெரிக்கப் படையினரின் விவரங்களை ஈஸ்ட்ரிட்ஜ் குழுவினர் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 87 பேர் மருத்துவமனையை எட்டுமுன்பே இறந்திருந்தார்கள். அப்படி இறந்தவர்களில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவரைக் காப்பாற்றியிருக்க வாய்ப்புண்டு. காப்பாற்றியிருக்கக்கூடிய அந்த மரணங்களிலும் பத்தில் ஒன்பதுக்குக் காரணம் ரத்தப்போக்கு. அந்த ஆண்டுகளிலேயே 75ஆம் ரேஞ்சர் ரெஜிமென்ட்டில் கணக்கு வேறாக இருந்தது. அங்கே 2001 முதல் 2010 வரை 419 பேர் காயப்பட்டு 32 பேர் இறந்தார்கள். மருத்துவமனைக்கு வருமுன் நேர்ந்த சாவுகளில் தடுத்திருக்கக்கூடியது என்று ஒன்றுகூட இல்லை என்கிறது கோட்வால் குழுவின் 2011 ஆய்வு.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது? விலை உயர்ந்த கருவியிலிருந்து வரவில்லை. துப்பாக்கி சுடுதல், உடற்பயிற்சி, சிறுகுழுத் தந்திரம் ஆகியவற்றோடு மருத்துவப் பயிற்சியையும் அந்த ரெஜிமென்ட்டின் கமாண்டர்கள் அடிப்படைப் பாடமாக்கினார்கள். மெடிக் மட்டுமன்றி ஒவ்வொரு சிப்பாயும் டூர்னிக்கே கட்டப் பழகினார். ஒவ்வொரு காயமும் அட்டையில் ஏறியது, ஒவ்வொரு அட்டையும் பதிவேட்டுக்குப் போனது, பதிவேடு அடுத்த பயிற்சியை மாற்றியது. அட்டை எழுதியவர் களத்தில் இருந்த மெடிக். அவர் எழுதாவிட்டால் ஆய்வாளர் கையில் ஒன்றும் இருந்திருக்காது.

நம்மிடமும் முன்னோடி உண்டு, அவர் பெயரில் ஆற்காடும் உண்டு. ஏ.ஜி. ரங்கராஜ் 1941 அக்டோபரில், ஹவில்தார் மேஜர் மதுரா சிங்குடன், பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர் ஆனார். குதித்த இருவரில் ஒருவர் டாக்டர், மற்றவர் ஹவில்தார் என்பதைக் கவனியுங்கள். பிறகு லெப்டினன்ட் கர்னலாக 60ஆம் பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற மருத்துவப் பிரிவை அவர் கொரியாவுக்கு அழைத்துப் போனார். 1950 இறுதியில் சீனப்படை இறங்கிவர, பியோங்யாங்கிலிருந்து எல்லோரும் பின்வாங்கினார்கள். ரங்கராஜின் பிரிவினரிடம் வண்டி இல்லை. மருத்துவக் கருவிகளைப் போட்டுவிட்டுப் போனால், போய்ச் சேருமிடத்தில் இவர்களால் யாருக்கும் பயனில்லை. கைவிடப்பட்ட நீராவி என்ஜின் ஒன்று கிடைத்தது. அதை ஓட்டத் தெரிந்தவர்கள் படைக்குள்ளேயே இருந்தார்கள். வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, கருவிகளை ஏற்றி, பாலங்கள் தகர்க்கப்படுமுன் தெற்கே வந்து சேர்ந்தார்கள். 1951 மார்ச் 23 அன்று முன்சான்-நியில் அமெரிக்கரின் 187ஆம் படைக்குழு பாராசூட்டில் இறங்கியபோது 12 இந்திய மருத்துவப் படையினரும் கூடவே குதித்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. பிற்காலத்தில் ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புப் பணியையும் அவர் நடத்தினார். அந்தப் பிரிவின் வழிவந்த 60 பாரா ஃபீல்டு ஹாஸ்பிட்டல் 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்துக்குப் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

அந்த என்ஜின் கதையை வீரக்கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம். எனக்கு அதில் படுவது வேறு. ரயில் ஓட்டத் தெரிந்தது கர்னலுக்கு இல்லை, சிப்பாய்க்கு. தெரிந்தவன் கையில் அவர் என்ஜினைக் கொடுத்தார்.

சங்கத்தையும் அப்படித்தான் கொடுக்க வேண்டும். தலைவர் நாற்காலி டாக்டருக்கு வேண்டாம், மெடிக்குக்கு வேண்டும். கெட்டமின் எந்த அளவில் கொடுப்பது, களத்திலேயே ரத்தம் ஏற்றலாமா என்பதையெல்லாம் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். சட்டப்படி பொறுப்பும் அவருடையதே. அதற்கு ஒரு மருத்துவக் குழு இருக்கட்டும், அதன் சொல்லே முடிவாகவும் இருக்கட்டும். ஆனால் எந்தக் கேள்வியை முதலில் எடுப்பது, எந்தப் பயிற்சி களத்தில் உதவவில்லை, பையில் எது வெறும் பாரம் என்பதையெல்லாம் இரவு முழுக்கக் காயக்காரரின் தலைமாட்டில் உட்கார்ந்தவரே சொல்ல முடியும். டாக்டர் தலைவரானால் ஆண்டுக் கூட்டம் அறுவை சிகிச்சை மாநாடாகிவிடும். மெடிக் கடைசி வரிசையில் உட்கார்ந்து டீ வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கர்னல் கீழே உட்கார, ஹவில்தார் மேடையில் இருப்பதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஓய்வுபெற்ற ஹவில்தாரையோ சுபேதாரையோ தலைவராக்கினால் அந்தச் சங்கடம் தீர்ந்தது. ராணுவச் சட்டத்தின் கட்டுப்பாடும் அவர்மேல் இல்லை. முன்னாள் படைவீரர்களுக்கு இந்தத் தீவுகளில் பஞ்சமும் இல்லை: 1969 தொடங்கி கிரேட் நிகோபாரில் குடியேற்றப்பட்டவர்களே அவர்கள்தானே. எழுதப்படாத அனுபவத்துக்கும் பஞ்சமில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கார் நிகோபார் விமானப்படைத் தளத்தைக் கடல் அடித்துக்கொண்டு போனபோது நூற்றுக்கும் மேற்பட்ட படையினரும் குடும்பத்தினரும் மாண்டார்கள். அன்று தீவுகளில் எஞ்சிய கைகளை வைத்துக் காயக்காரர்களைப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்களா? பெரும்பாலும் இல்லை. அவர்களுக்கும் வயதாகிவருகிறது.

தலைவரின் முதல் வேலை அட்டை. மூன்று படைக்கும் ஒரே காயப்பதிவு அட்டை, ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல், மழையில் நனைந்தாலும் எழுத்து அழியாமல். டூர்னிக்கே கட்டிய நேரம், டிரானெக்சாமிக் அமிலம் கொடுத்த நேரம், சிறுநீர் அளவு, எத்தனை மணி நேரம் தனியாகப் பார்த்துக்கொண்டார் என்ற விவரம். ஆளும் இடமும் பணியும் தெரியாதபடி நீக்கிவிட்டே பதிவேட்டில் ஏற வேண்டும். இதில் சலுகையே கூடாது. ஓய்வுபெறும் மெடிக்கின் திறனை வெளியுலகம் அங்கீகரிப்பது இரண்டாவது வேலை. 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் அதற்கு ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. அதைப் பற்றித் தனியே எழுதுவோம்.

இவ்விதழில் டாக்டர்களின் கட்டுரைகளே அதிகம் வருகின்றன. அடுத்த இதழில் நர்சிங் அசிஸ்டன்ட்டோ மெடிக்கல் அசிஸ்டன்ட்டோ எழுதிய இரண்டு கட்டுரைகளாவது இடம்பெற வேண்டும். நடை, இலக்கணம் பற்றிக் கவலைப்படாதீர்கள்; அதைத் திருத்தத்தான் நாங்கள் இருக்கிறோம். பணியில் இருப்பவர்கள் கமாண்டிங் ஆபீசரின் அனுமதிக் கையெழுத்தோடும், ஓய்வுபெற்றவர்கள் நேரடியாகவும் அனுப்புங்கள்.