கசத்து மீனை விட்டுவையுங்கள்!

கொல்லிமலைக்குப் போக வேண்டுமா? காரவள்ளி வழியாகப் போனால் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்ட வேண்டும். தலை சுற்றும். ஆனால் மேலே போனதும் களைப்பு பறந்துவிடும்.

அங்கே அறப்பளீசுவரர் கோவில் இருக்கிறது. பக்கத்தில் ஐயாறு ஓடுகிறது. இந்த ஆறுதான் சற்றுத் தள்ளி ஆகாய கங்கை என்ற அருவியாக விழுகிறது.

கோவில் ஓரத்து ஆற்றில் மீன்கள் உண்டு. அவற்றைப் பிடிக்கக் கூடாது என்பது வழக்கம். சாமி கும்பிட வருகிறவர்கள் முதலில் மீன்களுக்குத் தீனி போடுவார்கள். பிறகுதான் சாமி!

ஏன் தெரியுமா? முன்னொரு காலத்தில் அங்கே ஒருவர் மீன் பிடித்தாராம். அறுத்து, சட்டியில் போட்டு, அடுப்பில் ஏற்றினாராம். குழம்பு கொதித்ததும் துண்டுகள் ஒன்றாகப் பொருந்தினவாம். முழு மீனாகத் துள்ளி ஆற்றுக்கே போய்விட்டதாம்!

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் சிரிக்கட்டும். ஆனால், சட்டத்தால் எளிதில் முடியாத வேலையை ஒரு சட்டி மீன் குழம்பு செய்துவிட்டது. கர்நாடகத்தில் சிருங்கேரி மடத்தின் அருகே துங்கை ஆற்றிலும் இப்படித்தான். அங்கும் மீனைப் பிடிப்பதில்லை, பொரிதான் போடுகிறார்கள்.

கோவில் இல்லாத இடத்து மீன்களின் கதி என்ன? அதுதான் கேள்வி.

கோடையில் என்ன நடக்கிறது?

பங்குனி, சித்திரையில் மலை ஓடைகள் மெலிந்துவிடும். பாறைக்குப் பாறை தாவியே ஓடையைக் கடந்துவிடலாம். மீன்கள் எங்கே போகும்? ஆழமான கசங்களில் ஒதுங்கும். ஓடை முழுவதும் திரிந்த மீன்கள் ஒரே பள்ளத்தில் அடைபட்டுக் கிடக்கும். வெயிலில் தண்ணீர் சூடாகும். சூடான தண்ணீரில் பிராணவாயு குறையும். விரால் மீன் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். கெண்டைக்கு அந்த வித்தை தெரியாது. சோர்ந்து கிடக்கும். அப்போது பிடிப்பது மிகச் சுலபம்.

"வற்றப் போகிற தண்ணீர்தானே? கொக்கு தின்பதை மனிதன் தின்றால் என்ன?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஓரத்துக் குட்டையில் சிக்கிய மீன் எப்படியும் சாகும். அதை அள்ளுவதில் தவறு இல்லை. கசம் அப்படி அல்ல. கோடை முழுவதும் அதில் தண்ணீர் நிற்கும். அதில் பிழைத்த மீன்கள்தான் மழை பெய்து புது வெள்ளம் வந்ததும் முட்டையிடும். ஓடை மறுபடியும் நிறையும். குடியானவன் எவ்வளவு பசித்தாலும் விதை நெல்லைக் குத்தித் தின்பானா?

அமெரிக்காவில் புளோரிடா என்று ஒரு மாநிலம். அங்கும் மழை இல்லாத மாதங்களில் சதுப்பு நிலம் வற்றும். மீன்கள் கால்வாய்களில் வந்து குவியும். டார்ப்பன், ஸ்னூக் என்ற பெரிய மீன்களைத் தேடித் தூண்டிலோடு பலர் கிளம்பிவிடுவார்கள். ஸ்னூக், நம் ஊர்க் கொடுவா மீனின் சாயல் உள்ளது. பிடிக்கலாம், ஆனால் கட்டுப்பாடு உண்டு. சில மாதங்களில் ஸ்னூக்கை எடுத்துச் செல்லத் தடை. டார்ப்பனைப் பிடித்தால், 2013 முதல், அநேகமாகத் திருப்பி விட்டுவிடத்தான் வேண்டும். பணக்கார நாடு, மீனுக்கா பஞ்சம்? இருந்தாலும் விடுகிறார்கள்!

தூண்டிலைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு பையன் மண்புழு மாட்டி நாலு மீன் பிடித்து வந்தால், பாட்டி குழம்பு வைப்பாள். அதனால் ஓடை அழியாது. அழிப்பது வேறு. கசத்தைத் தடுத்து இறைத்து, விரல் நீளக் குஞ்சு வரை வாருவது; நஞ்சைக் கலக்குவது; வெடி வைப்பது. இவை மீன்பிடிப்பே அல்ல, கொள்ளை! நஞ்சுக்கும் வெடிக்கும் 1897-ம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே தடை போட்டாகிவிட்டது. அந்தத் தண்ணீரைத்தான் கீழே ஆடு மாடும் குடிக்கிறது, பிள்ளைகளும் குளிக்கிறார்கள்.

ஊருக்கு ஒரு கசம் போதும். எது என்று ஊர்க்காரர்களே கூடிப் பேசி முடிவு செய்யலாம். மாசி முதல் மழை வரும் வரை அதில் வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை என்று கட்டுப்பாடு வைக்கலாம். இதற்கு அரசாங்கப் பணம் ஒரு காசு வேண்டாம். ஆடிப் பதினெட்டுக்கு ஐயாற்றில் நீராடப் போகும்போது, கோவில் மீன்களை ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு வந்து பேசினால் இன்னும் நல்லது.