கல்லீரல் ஆபரேஷன் முடிந்த குழந்தைக்குக் காய்ச்சலா? 'காலையில பார்த்துக்கலாம்'னு இருக்காதீங்க!

கைக்குழந்தைக்கு ராத்திரி உடம்பு சுட்டா நம்ம வீடுகள்ல என்ன நடக்கும்? நெற்றியில ஈரத்துணி, அலமாரியில இருக்கிற பாராசிட்டமால் சொட்டு மருந்து, 'காலையில டாக்டர்கிட்ட போகலாம்' என்ற சமாதானம். ஆனால், கல்லீரல் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய குழந்தைக்கு அந்த ஒரு ராத்திரி ரொம்ப நீளமானது.

சில குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே, கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுபோகும் குழாய்கள் அடைபட்டு அழிந்துவிடும். இதற்குப் பெயர் 'பிலியரி அட்ரீசியா'. மஞ்சள் காமாலை 2 வாரம் தாண்டியும் குறையாது, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போகும். 1950-களில் ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அழிந்துபோன குழாய்களை எடுத்துவிட்டு, குழந்தையின் சிறுகுடலையே மேலே இழுத்து நேரடியாகக் கல்லீரலோடு இணைப்பதுதான் அந்த வழி. 'கசாய் ஆபரேஷன்' என்று அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். பிறந்த 60 நாள்களுக்குள் செய்தால் பலன் அதிகம்.

வழி திறந்தது, வாசலும் திறந்தது

பிரச்னை இங்கேதான். குடலில் கிருமிகள் இருப்பது இயல்பு. இப்போது குடலும் கல்லீரலும் நேரடியாக இணைந்துவிட்டதால், கிருமிகள் மேலேறிப் பித்தநாளங்களைத் தாக்கலாம். 'கோலாஞ்சைட்டிஸ்' எனப்படும் இந்தத் தொற்றுதான் கசாய் ஆபரேஷனுக்குப் பிறகு அதிகம் வரும் சிக்கல். முதல் 2 வருடங்களில் ஆபத்து கூடுதல். ஒவ்வொரு தாக்குதலும் கல்லீரலில் தழும்பை விட்டுச்செல்லும். மறுபடி மறுபடி வந்தால், கல்லீரல் மாற்று ஆபரேஷனை நோக்கிச் சீக்கிரமே தள்ளிவிடும்.

மாற்று ஆபரேஷன் நமக்குப் புதிதல்ல. 1998-ல் டெல்லி அப்போலோவில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான குழந்தை கல்லீரல் மாற்று ஆபரேஷன் நடந்தது. பிலியரி அட்ரீசியாவோடு பிறந்த அந்தக் குழந்தை நம்ம காஞ்சிபுரத்துக்காரர். கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தது அப்பா. அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டரே ஆகிவிட்டார். இன்று பெருங்குடியிலிருந்து பெரும்பாக்கம் கிளெனீகிள்ஸும் குரோம்பேட்டை ரேலாவும் எட்டும் தூரம்தான். முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்திலும் கல்லீரல் மாற்று ஆபரேஷன் உண்டு. ஆனாலும், சொந்தக் கல்லீரல் தாக்குப்பிடிக்கும் ஒவ்வொரு மாதமும் லாபம்தான். குழந்தை எடை போடும், உடம்பு தேறும்.

அந்த மாதங்களைக் காப்பாற்றும் வேலை பாதிக்கு மேல் நடப்பது வீட்டில்தான்.

தடுப்பூசிக் காய்ச்சல் என்ற குழப்பம்

நம்ம தடுப்பூசி அட்டவணையில் 6, 10, 14-வது வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசி வருகிறது. 60 நாளை ஒட்டி ஆபரேஷன் என்றால், 10, 14-வது வார ஊசிகள் அதற்குப் பிறகுதான் வரும். 'ஊசி போட்டா காய்ச்சல் வரும், மருந்து கொடுங்க' என்று சுகாதார மையத்தில் சொல்வது மற்ற குழந்தைகளுக்குச் சரி. உங்கள் குழந்தைக்கு அதுவே தொற்றின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். அதனால் ஊசி போடும் தேதியை ஆபரேஷன் செய்த டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தை என்றால், எந்த ஊசி, எந்தச் சொட்டு மருந்து, எப்போது என்பதை அவரே முடிவுசெய்யட்டும். அதற்காகத் தடுப்பூசியையே தவிர்ப்பது பெரிய தப்பு.

வீட்டில் என்ன செய்யலாம்?

* தொட்டுப் பார்ப்பதை நம்பாதீர்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டர் வேண்டும். 100.4 டிகிரி காட்டினால் டாக்டருக்கு உடனே போன்.

* டயப்பரைத் தூக்கிப்போடும் முன் மலத்தின் நிறத்தைப் பாருங்கள். வெளுக்க ஆரம்பித்தாலோ, கண்ணில் மஞ்சள் திரும்பினாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, காய்ச்சல் இல்லாவிட்டாலும் கிளம்புங்கள்.

* தொற்றைத் தடுக்கக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கை எத்தனை மாதம் தருவது என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். 'குழந்தை நல்லாத்தானே இருக்கு' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். எடை கூடும்போது அளவும் மாறவேண்டும், கேட்டுக்கொள்ளுங்கள்.

* மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாட்டிக் கொடுப்பது, கீழாநெல்லி அரைத்து ஊற்றுவது, இரண்டும் வேண்டாம். தொற்று வந்தால் ரத்தப் பரிசோதனை, நரம்பு வழியாக மருந்து என மருத்துவமனையில்தான் சிகிச்சை.

* மெட்ரோ வேலை நடக்கும் ஓ.எம்.ஆரில் சாயங்காலம் மாட்டினால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். அவசரத்தில் பக்கத்தில் எங்கே போவது என்று டாக்டரிடம் இப்போதே கேட்டுவையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் போட்டோ அப்பா, அம்மா, பாட்டி எல்லோர் போனிலும் இருக்கட்டும்.

அரசு என்ன செய்யலாம்?

தைவான் 2004-ல் குழந்தைகள் நலக் கையேட்டில் மலத்தின் நிறத்தை ஒப்பிடும் அட்டையைச் சேர்த்தது. அதன்பின் 60 நாள்களுக்குள் ஆபரேஷன் நடப்பது அங்கே அதிகரித்தது. நம்ம ஊரில் பிரசவங்கள் கிட்டத்தட்ட எல்லாமே மருத்துவமனையில்தான் நடக்கின்றன. வீட்டுக்கு அனுப்பும்போது இப்படி ஓர் அட்டையை ஒவ்வொரு தாயின் கையிலும் கொடுப்பது பெரிய செலவில்லை. ஆபரேஷன் முடிந்த குழந்தைகளின் விவரம் அந்தப் பகுதி சுகாதார செவிலியருக்குப் போய்ச் சேர்ந்தால், ஊசி போடும் நாளில் 'காய்ச்சல் வந்தா காத்திருக்காதீங்க' என்று சொல்ல ஒருவர் இருப்பார். பல லட்சம் செலவாகும் ஆபரேஷனுக்குத் திட்டம் போட்ட நமக்கு, இது கஷ்டமா என்ன?