தொலைபேசி எண் மட்டும் உரிமையாகுமா?

மனச்சோர்வுக்கு இணையவழி உளவியல் சிகிச்சை போதுமா, நேரில் அமர்ந்து பேச வேண்டுமா என்ற கேள்விக்கு ஆய்வுலகம் ஓரளவு விடை கண்டுவிட்டது. சிகிச்சையாளர் ஒருவர் தொடர்ந்து வழிநடத்தினால் இரண்டும் ஏறக்குறைய இணையான பலனைத் தருகின்றன. ஆளின்றிச் செயலியிடம் மட்டும் விட்டால் பலன் குறைகிறது. ஆயினும் அவ்வாய்வுகளுள் பெரும்பாலானவை வசதி படைத்த நாடுகளில் நடந்தவை. வடசென்னை எம்.கே.பி. நகரின் ஓரறை வீட்டில், குடும்பத்துக்கே பொதுவான கைப்பேசியில், மாமியார் கேட்டிருக்க ஒரு பெண் தன் துயரை எவ்வாறு சொல்வாள்?

2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் (14416) நள்ளிரவு நெருக்கடியில் உதவும். அதை நாம் மறுக்கவில்லை. அந்த எண்ணைக் காட்டியே அரசு தன் கடமையை முடித்துக்கொள்ள இயலாது என்கிறோம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சாதி, வர்க்கப் பாகுபாடின்றி வாழிடத்துக்கு அருகிலேயே சேவை கிடைக்க வேண்டும் என்கிறது. 23ஆம் பிரிவு இரகசியம் காக்கப்படும் உரிமையை அளிக்கிறது.

மனநல மருத்துவர்கள் போதிய அளவில் இல்லை என்பது வழக்கமான பதில். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்தப்பட்டு, 2017இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு அப்பதிலை ஏற்கவிடவில்லை. அங்கே மனநலப் பட்டம் ஏதுமற்ற, பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசினர். மூன்று மாதங்களில் 64 விழுக்காட்டினர் மீண்டனர். ஆலோசனை பெறாதோரில் 39 விழுக்காட்டினரே மீண்டனர்.

வியாசர்பாடியின் படித்த இளைஞர்களை இப்பணிக்குப் பயிற்றுவித்து, உரிய ஊதியம் தந்து (தன்னார்வம் என்ற பெயரில் இலவச உழைப்பு வேண்டாம்), நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கதவுள்ள ஓர் அறையை ஒதுக்குவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.