ஈஸ்ட்டுக்கு உயிர் இருக்கிறதா?

ரயில்வேயில் பாட்டரியும் விளக்கும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் சிரிக்கலாம். தங்கவயலிலிருந்து வெளிநாடு போன நம் பிள்ளைகளில் சிலர் அங்கே வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறார்கள். இங்கிலாந்தில் 1963 முதல் அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. அமெரிக்காவில் 1979 முதல் மத்திய சட்டம் அனுமதிக்கிறது. (கர்நாடகத்தில் லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சுவது குற்றம். இங்கே யாரும் முயல வேண்டாம்!) என் மருமகனும் அந்தக் கோஷ்டிதான். "மாமா, திரவ ஈஸ்ட் வாங்கி மூன்று மாசம் ஆச்சு, போடலாமா?" என்று போனில் கேட்டார்.

இதற்கு இரண்டு விதமான பதில்கள் நடமாடுகின்றன. தேதி தாண்டாவிட்டால் போடலாம் என்பது ஒன்று. சந்தேகமாக இருந்தால் இரண்டு பாக்கெட்டாகப் போடு என்பது இன்னொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. குளிர்ப்பெட்டியில் வைத்த திரவ ஈஸ்ட்டில் மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு செத்துப்போகும் என்று தோராயமாக ஒரு கணக்குச் சொல்வார்கள். ஆனால் வழியில் வெயிலில் கிடந்த பார்சலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பாக்கெட்டின் மேல் அச்சடித்த தேதிக்கு அது பட்ட சூடு தெரியுமா? செத்ததை இரட்டிப்பாகப் போட்டாலும் செத்ததுதானே.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2001இல் மூடும் வரை நம் சுரங்கங்களில் பாறையின் மினுமினுப்பைப் பார்த்து யாரும் தங்கத்தை மதிப்பிட்டதில்லை. சாம்பிள் எடுத்து, பொடித்து, உருக்கிப் பார்த்துத்தான் டன்னுக்கு எத்தனை கிராம் என்று எழுதினார்கள்.

ஈஸ்ட்டைச் சோதிப்பது அதைவிடச் சுலபம். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் உலர்ந்த மால்ட் சத்தைக் கரைத்துக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறிய பின் ஈஸ்ட்டை ஊற்றி, மேலே லேசாக மூடிவைக்க வேண்டியது. ஒன்றிரண்டு நாளில் நுரை கட்டி, அடியில் வெள்ளையாக வண்டல் சேர்ந்தால் உயிர் இருக்கிறது. முகர்ந்து பார்த்துப் புளித்த நாற்றம் வந்தால் கீழே கொட்டிவிடலாம். நன்றாக வந்தால் சோதனையோடு ஈஸ்ட்டும் பெருகியிருக்கும். இதைச் செய்யாமல் 20 லிட்டர் கஷாயத்தில் செத்த ஈஸ்ட்டை ஊற்றினால், அது சும்மா கிடக்கும் இரண்டு நாளில் வேறு கிருமி குடியேறிவிடும். மால்ட்டும் போச்சு, ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போச்சு.

மைக்ராஸ்கோப் இருப்பவர்கள் மெதிலீன் நீலம் பயன்படுத்துகிறார்கள். உயிருள்ள செல் அந்தச் சாயத்தை நிறமிழக்கச் செய்துவிடும், செத்த செல் நீலமாகவே நிற்கும். எண்ணிச் சதவீதம் போட வேண்டியதுதான். ஆனால் பாதிக்குமேல் செத்துப்போன ஈஸ்ட்டில் இந்த முறை உள்ளதைவிட நல்ல கணக்கைக் காட்டிவிடும். தவிர, உயிர் இருப்பது வேறு, தெம்பு இருப்பது வேறு. ரயில் பெட்டிப் பாட்டரியில் லோடு இல்லாதபோது மீட்டர் 2 வோல்ட் காட்டும். விளக்கையும் விசிறியையும் போட்டதும் படுத்துவிடும். லோடு கொடுத்துப் பார்க்காத செல்லை நல்ல செல் என்று நான் ரிஜிஸ்டரில் எழுதியதில்லை. ஈஸ்ட்டுக்கு அந்த லோடுதான் மால்ட் தண்ணீர். பாட்டரி ஆசிடுக்கு நாங்கள் பிடித்த ஹைட்ராமீட்டரின் தம்பியைத்தான் பீர் காய்ச்சுகிறவர்களும் பிடிக்கிறார்கள். 1.050 இருந்த அடர்த்தி 1.010 பக்கம் இறங்கினால் ஈஸ்ட் வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

பீர் வேண்டாத வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் ஆப்பமாவுக்குக் கள் ஊற்றினார்கள். கள் நுரைப்பது கண்ணுக்கே தெரியும், சோதனை தனியாக வேண்டியிருக்கவில்லை. இன்று கடையில் வாங்கும் உலர்ந்த ஈஸ்ட் செத்ததோ பிழைத்ததோ, பார்வைக்கு ஒரே மாதிரிதான். கிறிஸ்துமஸ் சமயம் ஊரெங்கும் மாவு பிசைகிறோம். மாவு பொங்கவில்லை என்றால் குளிரையும் மாவையும் திட்டுகிறோம். முதலில் அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்ட்டும் போட்டுப் பத்து நிமிஷம் வையுங்கள். கை பொறுக்காத சூடு கூடாது, அதிலேயே ஈஸ்ட் செத்துவிடும். நுரை வரவில்லையா, மாவில் கை வைக்காமல் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் போங்கள்.