ஓடினவனுக்குப் பட்டம்; துடுப்பு வலித்தவனுக்கு?

கொரியா தேசத்தின் மேல் 1592 முதல் 1598 வரை ஜப்பான் படையெடுத்த காலத்தில் கடற்படைத் தலைவராயிருந்தவர் யி சுன்-சின். 1597-ம் வருஷம் மியொங்ன்யாங் ஜலசந்தியில் அவர் நடத்திய சண்டையை வைத்து, அதே பெயரால் 2014-ல் ஒரு சினிமாப் படம் எடுத்தார்கள். சுமார் 5 கோடி ஜனங்களுள்ள தென் கொரியாவில் 1 கோடி 76 லட்சம் டிக்கட்டுகள் விற்றன. படத்தைக் குறை கூற நாம் வரவில்லை. ஆனால் எதிரிக் கப்பல்கள் 133 என்று யி தம் கையாலேயே தினக்குறிப்பில் எழுதியிருக்க, படக்காரர்கள் அதை 330 ஆக்கியதேன்? 13 கப்பலுக்கு 133 போதாதா?

நிற்க. இந்த ஜெயம் தெய்வச் செயல் என்பவர்களுக்கு அந்தத் தினக்குறிப்பிலேயே ஆதாரமிருக்கிறது. சண்டைக்கு முதல் நாள் இரவு கனவில் ஒரு தெய்வ புருஷர் தோன்றி ஜெயிக்கும் மார்க்கம் சொன்னாராம்! சரி, அதே வருஷத்தில் ராஜா சொன்ஜோ இவரைச் சிறையில் தள்ளி, பதவியைப் பிடுங்கி, சாதாரணச் சிப்பாயாக அனுப்பினபோது அந்தப் புருஷர் எங்கே போயிருந்தார்? இவருக்குப் பதிலாக வந்த வோன் கியூன் கப்பற்படையை அநேகமாக முழுவதும் பறிகொடுக்குமுன் ராஜாவின் கனவில் போய் ஒரு வார்த்தை சொல்லப்படாதா? ஜெயித்தது நீரோட்டத்தின் கணக்கு. வழி குறுகல், எத்தனை கப்பல் வந்தாலும் ஒரே சமயத்தில் சிலதுதான் நுழைய முடியும். ஓட்டம் திரும்பியது, 31 எதிரிக் கப்பல்கள் நாசமாயின.

படத்தில் நமக்குப் பிடித்தது, சுழலில் சிக்கிய தலைவர் கப்பலைச் செம்படவர்கள் கொக்கி போட்டு இழுத்து மீட்கிற கட்டம். அது கற்பனைதான். கற்பனையல்லாத ஒன்றைச் சொல்லுகிறோம். யி 1592-ல் ராஜாவுக்கு எழுதிய யுத்த அறிக்கைகளில், செத்தவர்களையும் காயம்பட்டவர்களையும் குறிக்கையில், அடிமைகளையும்கூடப் பெயர் பெயராக எழுதினார். ஆடுமாடு போல் விற்கப்பட்ட அடிமைக்கு ராஜசபையில் ஒரு பெயர்!

ராஜா செய்ததென்ன? 1592-ல் எதிரி கரையேறின மூன்று வாரத்துக்குள் தலைநகரை விட்டுச் சீன எல்லை வரை ஓடினவர் அவர். 1604-ல் பட்டம் கொடுக்க உட்கார்ந்தார். தம்மோடு கூட ஓடி வந்தவர்களில் 86 பேருக்குப் பட்டம். அதில் அந்தப்புரச் சேவகர்களும் உண்டு, லாயக்காரர்களும் உண்டு. யுத்த சேவைக்கென்று பட்டம் பெற்றவர்களோ 18 பேர். 1598-ல் நோர்யாங் கடலில் குண்டுபட்டு மாண்ட யியின் பெயர் அதில் முதல் வகுப்பில் இருந்தது. பக்கத்திலேயே, கப்பற்படையைத் தொலைத்த வோன் கியூன் பெயரும் அதே வகுப்பில். அந்த 18 பேரில் துடுப்பு வலித்தவன் ஒருவனுமில்லை.